கொட்டாத குளவி

காத்தவராயனுக்குப் பறக்கிற எதுவும் ஆகாது. விருத்தாசலத்தில் நாங்கள் வேலை செய்யும் பொம்மைப் பட்டறையில் சூளைக்கு விறகு பிளப்பவர் அவர். அவருடைய மனைவி பெரியம்மாளை முந்திரித் தோப்பில் கதண்டுகள், அந்தப் பெரிய விஷக் குளவிகள், கொட்டிக் கொன்றன. முகம் வீங்கி, மூக்குத்தி சதைக்குள் புதைந்து போயிருந்தது.

கதண்டு உடம்பில் உட்கார்ந்தால் அது கொட்டுவதற்குள் அடித்துவிட வேண்டும். அதுதான் முந்திரிக் காட்டு வழக்கம். ஒன்று கொட்டிவிட்டால் கூடே திரண்டு வந்துவிடும். பெரியம்மாளின் கழுத்தில் முதல் கதண்டு உட்கார்ந்ததை அவர் பார்த்தார். மனைவியை அடிக்கக் கை ஓங்கவில்லை. அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது.

அதன்பிறகு தும்பியைக்கூட விடமாட்டார். அடித்து, செருப்பால் தேய்ப்பார்.

"கொசுவுக்கும் கோடாலியத் தூக்குவீங்க போலிருக்குதே அண்ணே" என்பாள் எங்களோடு பட்டறையில் வேலை செய்யும் அனுசியா. அவர் சிரிக்கமாட்டார்.

அவர் மகள் சிவசங்கரி எங்களோடு உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கண் எழுதுபவள். கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

கொலுவுக்கு முந்தைய மாதம் வந்திறங்கிய முந்திரிக் கட்டைகளில் ஒரு பூச்சி திரிந்தது. கறுப்பும் மஞ்சளுமாகக் கதண்டு போலவே இருக்கும். வாலில் நீண்ட ஊசி. அதைக் கட்டைக்குள் இறக்கி, உள்ளே மரம் தின்னும் புழுவின்மேல் முட்டையிடும். குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு தின்று வளரும். பிளந்த கட்டைகளில் நாங்களே பார்த்திருக்கிறோம்.

ஒரு மதியம் அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போன சிவசங்கரியின் வலது கையில் அது வந்து உட்கார்ந்தது.

"கைய ஆட்டாத!" என்று கத்தினார்.

"இது ஒண்ணும் பண்ணாதுப்பா. கட்டையத்தான் குத்தும்."

அவருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கையிலிருந்த விறகால் ஓங்கி அடித்தார். சூளைக்குள் பொம்மை வெடிப்பது போலச் சத்தம் கேட்டது. பூச்சி பறந்துவிட்டது. மகளின் கை மடங்கித் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். நாங்கள் பொம்மைக்கு அச்சு எடுக்கும் அதே வெள்ளை மாவு. விரல்கள் பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் காத்தவராயன் பட்டறைக்கு வந்தார். கோடாலியைத் தொடவில்லை. கட்டையில் ஊசி இறக்கிக்கொண்டிருந்த ஒரு பூச்சியைப் பிடித்துக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"கொட்டு" என்றார். "கொட்டேன் சனியனே! ஒரு தரமாவது கொட்டித் தொலையேன்!"

கையைத் திறந்தார். பூச்சி விரல்மேல் ஊர்ந்து, இறக்கையைத் துடைத்துக்கொண்டு கட்டைக்கே திரும்பியது. உள்ளங்கையில் ஒரு புள்ளிகூட இல்லை.

அந்தக் கையை விறகில் ஓங்கி ஓங்கி அடிக்கத் தொடங்கினார். ரத்தம் தெறித்த பிறகும் நிறுத்தவில்லை. அனுசியாவும் நானும் ஓடிப்போய்த்தான் இழுத்துப் பிடித்தோம்.