அறை வாங்கிய காது

பீளமேட்டுச் செங்கொடிக் கட்சிக்காரர் அவர். யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் கொடுப்பார். மில் வேலைநிறுத்தத்தில் போட்டிக் கட்சியின் சங்கத் தலைவர் விட்ட அறையில் மற்றக் காது செவிடாகிவிட்டது. இந்தத் தேர்தலில் இரண்டு கட்சிக்கும் கூட்டணி. அறைந்தவர்தான் வேட்பாளர்.

“அவருக்கா ஓட்டுக் கேக்கறீங்க?” என்றேன்.

“கட்சி முடிவு பண்ணிப்போட்டுதுங்க.”

பிரச்சார ஜீப்பில் ஏறி வேட்பாளருக்குச் சால்வை போர்த்தினார். வேட்பாளர் அவரை அணைத்து, அந்தச் செவிட்டுக் காதில் ஏதோ சொன்னார். இவர் தலையாட்டிவிட்டுக் கண் கலங்க இறங்கினார்.

“பக்கத்துல நின்னீங்களே, என்னங்க சொன்னாரு? பழசுக்கு வருத்தப்பட்டாருங்களா?”

“நகருங்க, கேமராவை மறைக்கறீங்க” என்பதுதான் எனக்குக் கேட்டது.

“ஆமாங்க” என்றேன். அறைந்தவருக்கு அன்று நானும் பிரச்சாரம் செய்துவிட்டேன்.