நாயாற்றிலிருந்து அனுப்பிய ஓட்டம்

எதிராளியைக் கண்ணால் காணாமலே வெற்றி தோல்வி பார்க்கிற தொழில் எங்களுடையது. அவரவர் தங்கள் ஊர் வீதியில் ஓட, எங்களைப் போன்ற விளையாட்டு ஆசிரியர்கள் நேரம் எடுத்து அனுப்புவோம். கொழும்பில் அதை அடுக்கிப் பார்த்து யார் முதல் என்று சொல்வார்கள். முன்பு கடித உறையில் போனது. முடிவு திரும்பி வரும்போது ஓடியவர் இடம்பெயர்ந்திருப்பார். இப்போது போனில் போகிறது. வெயிலில் நிற்பது மட்டும் மாறவில்லை. நீங்களும் ஸ்டொப்வோச்சோடு நின்றவர் என்றால் விளக்கத் தேவையில்லை.

சைக்கிள் சில்லு

நாயாற்றில் ஐந்து கிலோமீற்றர் அளக்க வேண்டும். சில்லில் வெள்ளைத் துணி கட்டி, சுற்றுகளை எண்ணியபடி சைக்கிளை உருட்டினேன். எங்கள் பக்கத்தில் ஒருவன் நிலத்தை அளந்தால் காணி பறிபோகப் போகிறது என்றுதான் சனம் நினைக்கும். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அந்தோனி அண்ணர் எழும்பி வந்தார். நான் எவ்வளவோ விளங்கப்படுத்தினேன்.

"ஓட்டப்போட்டி எண்டுறியள், சரி. பிறகு இந்தக் காணியை ஆருக்கு எழுதப் போறியள் மாஸ்ரர்?"

தனி ஓட்டம்

நாற்பதை நெருங்கும் பெண்களுக்கான பிரிவில் எங்கள் ஊருக்கு ஒரே ஆள், கருவாட்டு வாடியில் வேலை செய்யும் ஜெனிற்றா. நல்ல கால். முன்னுக்கு வருபவர்களைக் கொழும்புக்குக் கூப்பிட்டு ஒன்றாக ஓடவிடுவார்கள். அவவின் ஆசை பரிசில் இல்லை.

"ஒருக்கா ஆக்களுக்கு நடுவில ஓடிப் பாக்கோணும் சேர். பக்கத்தில மற்றவையின்ர மூச்சுக் கேக்கோணும்."

மணலில் இறங்கிய இடம்

அந்த வருட ஓட்டத்தில் சைக்கிளில் அவவுக்குப் பின்னால் போனேன். பாலம் தாண்டியதும் ஓரிடத்தில் ஜெனிற்றா தார் வீதியை விட்டு மணலுக்குள் இறங்கினா. சிலுவை போட்டுக்கொண்டு, சுற்றி வந்து மறுபடி ஏறினா. திரும்பி வரும்போதும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை. நேராக ஓடும்படி கத்தினேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சுற்றில் போன வினாடிகளால் மயிரிழையில் கொழும்பு தவறியது. வேறு வீதியில் அளந்து தருகிறேன் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையாட்டினா.

"கடைசிச் சண்டையில என்ர மனுசன் விழுந்தது அதில தான். இந்த றோட்டால ஓடினாத்தானே நான் ஓடுறதை இவரும் பாப்பார். அதுக்காக அவரை மிதிச்சுக்கொண்டு ஓடேலுமே சேர்?"

மறுபடி அளந்தேன்

அடுத்த வருடம் அதே வீதியை அளந்தேன். அந்த இடம் வந்ததும் சைக்கிளை மணலில் இறக்கி, அவ சுற்றும் வழியாலேயே உருட்டினேன். திரும்பும் இடம் அந்தளவுக்குக் கிட்ட வந்தது. ஓடும் தூரம் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் விதி. வழி நேராக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. அந்தோனி அண்ணர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வலைக்குத் திரும்பினார்.

முன்னுக்கு வந்தவர்களில் ஜெனிற்றாவின் பெயர் வந்தது. கொழும்புக்குப் போய் ஓடிவிட்டும் வந்தா. ஆக்களுக்கு நடுவில் எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்தது சேர். மூச்செல்லாம் கேட்டது. ஆனா அங்க விலகி ஓட ஒரு இடமும் இல்லை."

நேரம் எடுப்பவன் நேரத்தோடு நின்றுகொள்ள வேண்டும், ஓடுபவரின் வழியில் தலையிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன், ஆனாலும் இந்த வருடமும் என் சைக்கிள் அந்த இடத்தில் மணலுக்குள்தான் இறங்கியது.