ஊருக்குப் போயிருக்கிறார்

ஒருநாள் காலையில் என் செருப்புக்குள் கால் நுழையவில்லை. வீக்கத்தை விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது. பத்து எண்ணியும் அது நிரம்பவில்லை.

சிகாமட் மருத்துவமனையில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துவிட்டன. இனி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்வது). நான் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்றவன், மனைவி இல்லை. அந்தச் செலவை என்னால் தாங்க முடியாது. மாநில உதவி கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஜோகூர் மாநிலத்தில் வசிக்க வேண்டும். அங்கேயே இருக்கும் என் ஊர் சாஆவை விட்டு நான் எங்கே போகப்போகிறேன் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டில் கையிலிருந்த ஃபிஸ்டுலா (ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) அடைத்துக்கொண்டது. கழுத்தில் தற்காலிகக் குழாய் வைத்தார்கள். அதில் கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து, தனியாக இருக்கக்கூடாது என்றார் டாக்டர். மகள் வந்து சிரம்பானுக்கு அழைத்துப்போனாள். அது வேறு மாநிலம். அங்கே ஒரு மையத்தில் தற்காலிகமாக இடம் கிடைத்தது. செலவை மகளும் மருமகனும் எப்படியோ சமாளித்தார்கள். புதிய ஃபிஸ்டுலா வைத்து, அது ஊசியைத் தாங்கும் அளவுக்குத் தேற நான்கு மாதம் ஆனது.

சாஆவுக்குத் திரும்பி வந்த வாரமே எங்கள் டயாலிசிஸ் மையத்துத் தாதி விஷயத்தைச் சொன்னார். உதவி நிறுத்தப்பட்டிருந்தது. மாத முடிவுக்குள் சரியாகாவிட்டால் என் நாற்காலி, காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். டயாலிசிஸ் இல்லாமல் என் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று அவரிடம் கேட்டேன். அவர் உதவி அலுவலகத்தின் முகவரியை எழுதி என் கையில் கொடுத்தார்.

நான் இல்லாதபோது அதிகாரி ஒருவர் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார். கதவு பூட்டியிருந்ததால் பக்கத்து வீட்டுப் பார்வதியிடம் விசாரித்திருக்கிறார்.

"நான் ஒண்ணும் தப்பா சொல்லலையே, ஐயா. ஊருக்குப் போயிருக்காருன்னுதான் சொன்னேன்."

"மலாயில என்னன்னு சொன்ன?"

"டியா சுடா பாலிக் கம்போங்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். நமக்கு ஊருக்குப் போவதென்றால் வெளியூர் போவது. அவள் மலாயில் சொன்னதோ, அவர் தம் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார் என்று. அதை வைத்துத்தான், நான் ஜோகூரில் இல்லை என்று உதவியை நிறுத்தியிருக்கிறார்கள்.

அலுவலகத்துக்குப் பார்வதியும் கூடவே வந்தாள். வீட்டுக்கு வந்துபோன அதே அதிகாரி, இளம் மலாய்ப் பெண். மருத்துவக் கடிதங்களைத் தேதி வாரியாக அவர் முன் வைத்தேன். சிகிச்சைக்காகச் சில மாதம் வெளியே இருப்பது தவறில்லை; உங்கள் வீடு எது என்பதுதான் கேள்வி என்றார். சிரம்பானில் மகள் பார்த்துக்கொள்கிறார், இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பார்வதி தன் உடைந்த மலாயில் ஊருக்கும் கம்போங்குக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத் தொடங்கி, குழப்பத்தை இரட்டிப்பாக்கினாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரு, தாயே."

மறுபடி உடம்பு மோசமானால் எங்கே போவீர்கள் என்று அதிகாரி என்னிடமே கேட்டார். பொய் நாக்கு நுனிவரை வந்தது. மகளிடம்தான் என்றேன். அவர் பேனா நின்றது.

"லெபாஸ் இத்து, அங்கிள்?" அதற்குப் பிறகு?

"பாலிக்," என்றேன். திரும்பிவிடுவேன்.

"பாலிக் மானா?" எங்கே திரும்புவீர்கள்?

"சாஆ."

அவர் பார்வதியைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் எழுதத் தொடங்கினார். மாதத்தின் கடைசி டயாலிசிஸ் அன்றுதான், உதவி தொடரும் என்ற தகவல் மையத்துக்கு வந்தது. அதுவரை நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சிகிச்சைக்காக வேறு மாநிலம் போகிறவர்கள், எதற்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள், மலாயில்.

இன்றும் மையத்துக்குப் போக வேன் ஏறும்போது பார்வதி கேட்டாள்: "யாராச்சும் வந்தா என்னான்னு சொல்ல?"

"வந்துருவாருன்னு சொல்லு, போதும்."

நான்கு மணி நேரம் என் ரத்தம் எனக்கு வெளியே சுற்றுகிறது. முடிவில் தாதி உப்புநீரை விட்டு அதை உள்ளே தள்ளுகிறார். குழாயின் சிவப்பு வெளிறி, ரோஜா நிறமாகி, பிறகு நிறமற்றுப் போகும். அதுவரை கண்ணை எடுக்காமல் எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகுதான் குனிந்து செருப்பைத் தேடுவேன். கால் நுழைகிறது.