அவள் சாப்பிட வேண்டி நான் கிடந்த பட்டினி

அப்போது என் மகளுக்குப் பதினைந்து வயது. நாலு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை; மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வாராவாரம் திங்கட்கிழமை பார்க்கிற எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பாட்டைப் பற்றி அவளிடம் பேச்சே எடுக்காதீர்கள், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள், அது போதும் என்றார். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு ஆகிற காரியமா? போனை எடுத்தாலே "சாப்பிட்டியா" என்று ஆரம்பிக்கிற ஆள் நான்.

அதனால் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். இவள் சாப்பிட்டால் போதும், ஒன்பது வெள்ளிக்கிழமை தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்று. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்ட் ஊரில் எங்களுக்குத் தெரிந்த பெண்களெல்லாம், "எப்படித்தான் முடியுதோ உங்களால" என்றார்கள். பொய் சொல்வானேன், கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

ஆறாவது வெள்ளி சாயங்காலம். கணவர் வேலை முடிந்து வரும் வழியில், இன்னும் ஃப்ரீவேயில் இருந்தார். அவள் முன்னால் தயிர்சாதம், என் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். சாதத்தை ஸ்பூனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டே இருந்தாள். அரைமணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

"ஒரு வாய் கண்ணு. ஒரே ஒரு வாய்."

ஸ்பூனை வைத்துவிட்டாள். எதற்கும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"நீ சாப்பிடலேன்னா எல்லாரும் பாராட்டறாங்க. நான் சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற."

"அது சாமிக்கும்மா."

"பசிக்கலையா உனக்கு?"

"பசிக்குது."

"அதை அடக்கறப்போ நல்லா இருக்குல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. நன்றாகத்தான் இருந்தது. பசியை ஜெயித்துவிட்ட அந்த மிதப்பு எனக்கு நன்றாகவே தெரியும். என்னுடையதைப் பக்தி என்றும் அவளுடையதை வியாதி என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எங்கே வேறாகிறது என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விரதத்தை முறிக்கவும் பயம். அதனால் அவளுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? இருந்தும் ஒரு தட்டை எடுத்து, அதே பாத்திரத்திலிருந்து தயிர்சாதம் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாய் இறங்க மறுத்தது. அம்மா தாயே, மன்னிச்சிடு என்று மனசுக்குள் சொல்லி விழுங்கினேன்.

"இன்னொரு வாய்" என்றாள்.

சாப்பிட்டேன். அவளும் ஸ்பூனை எடுத்தாள்.