செல்வகுமாரி வாங்கிய லேசான போன்

ஒதியம்பட்டில் கரும்புக் கொல்லையை ஒட்டி இருக்கும் கடைசி வீடு செல்வகுமாரியுடையது. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, புருஷன் கலைவேந்தன் மஸ்கட் சம்பளத்தில் கட்டிய மாடி வீடு. பின்னால் மாட்டுக் கொட்டகை. கறவையில் இரண்டு மாடுகள். ஒரே மகள் வெண்ணிலா, நர்சிங் படிக்க விழுப்புரம் போய் ஹாஸ்டலில் தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் செல்வகுமாரியும் மாடுகளும் போனும்தான்.

போனையும் ஆளோடு சேர்த்துச் சொல்லக் காரணம் உண்டு. கலைவேந்தன் அதற்குள்தான் குடியிருந்தான். மஸ்கட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் அவனுக்கு ராத்திரி வேலை. காலையில் அறைக்கு வந்ததும் வீடியோ காலில் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, மாடு தின்றதா, யார் வந்தார்கள் என்று கேட்பான். பேச்சு தீர்ந்த பிறகும் வைக்க மாட்டான். "கட் பண்ணாத. நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு, நான் பாத்துக்கினு இருக்கேன்" என்பான். அப்படியே தூங்கியும் போவான். அவள் நிறுத்தினால் எப்படியோ விழித்துக்கொண்டு மறுபடி கூப்பிடுவான்.

முதலில் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மற்ற பெண்களின் புருஷன்மார்கள் வாரத்துக்கு ஒருதரம் கூப்பிடுவதே பெரிது என்றிருக்க, தன்னை ஒருத்தன் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்பதில் ஒரு பெருமை. அந்தப் பெருமை எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. வெறுப்பும் வரவில்லை. பார்க்கிறான், பார்க்கட்டும் என்று ஆகிவிட்டது.

பழைய போனில் மத்தியானத்துக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்துவிடும். அது அவனுக்குத் தாங்கவில்லை. போன லீவுக்கு வந்தபோது புதுசாக ஒன்று கொண்டுவந்தான். அகலமான திரை, கண்ணாடி முதுகு, அதில் அடுப்பு பர்னர் மாதிரி புடைத்துக்கொண்டு கேமராக்கள். ரெண்டு நாளைக்கு சார்ஜ் நிற்கும் என்றான். வழுக்கும், விழுந்தால் உடையும் என்று அதற்குத் தடிமனாக ஒரு ரப்பர் கவரும் போட்டுக் கொடுத்தான். வாங்கிக் கையில் வைத்தபோது அவளுக்கு முதலில் தோன்றியது கனம்தான். ஆனால் ஆசையாக வாங்கி வந்தவனிடம் அதையா சொல்வது?

அதை எங்கேயும் ஒழுங்காக வைக்க முடியாது. கேமரா புடைப்பினால் மேசையில் படுக்காமல் ஆடும். சுவரில் சாய்த்தால் சறுக்கும். ஸ்டாண்டில் நிறுத்தினால், அவள் அடுத்த அறைக்குப் போனதும் "எங்க போயிட்ட?" என்று சத்தம் வரும். அதனால் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் பெருக்கினாள், குழம்பைக் கிளறினாள், வைக்கோல் உதறினாள். வலது கை ஓய்ந்தால் போன் கை மாறும். நைட்டியில் பை வைத்துத் தைத்துப் பார்த்தாள். போன் கனத்தில் ஒரு பக்கத் தோள் இறங்கிப்போய், மேலே போட்ட துண்டும் நிற்கவில்லை.

மரத்துப்போவது இடது கட்டைவிரலில் ஆரம்பித்தது. அப்புறம் பக்கத்து இரண்டு விரல்கள். தூக்கத்தில் கை செத்துப்போன மாதிரி ஆகி எழுந்து உதறுவாள், உயிர் வரும். பிறகு பகலிலும் வந்தது. தோசைக்கல்லின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். தோல் பொசுங்கிய வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தாள். வலிக்கவில்லை. கொப்புளத்தை யாருடைய கொப்புளத்தையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

ஒருநாள் மத்தியானக் கறவையில் செவலை மாடு உதைத்தது. ஐந்து வருஷமாக அவள் கைக்குப் பழகிய மாடு, ஒருதரமும் கால் தூக்கியதில்லை. விரலில் உணர்ச்சி இல்லாததால் காம்பை எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மாட்டுக்கு வலித்திருக்கிறது. குவளை உருண்டு, பால் சாணித்தரையில் ஓடிப்போய்க் குழியில் தேங்கியது. தூணோரம் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த போனிலிருந்து "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல மாமா, மாடு உதைச்சிடுச்சு" என்றாள். சொசைட்டிக்கு அன்றைக்குப் பாதிப் பால்தான் போயிற்று.

பக்கத்து வீட்டு மகாலட்சுமிதான் அவளை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மணிக்கட்டில் தட்டிப் பார்த்தார். கையை மடக்கி வைத்திருக்கச் சொன்னார். உள்ளே ஒரு நரம்பு நசுங்குகிறது என்றார். என்ன வேலை என்று கேட்டார். மாடு கறக்கிறேன் என்றாள். வேறு என்ன என்று கேட்டார். மகாலட்சுமி, "நாள் பூரா போனத் தூக்கினு நிக்கிறா சார்" என்றாள். டாக்டர் போனை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கறவையும் சேர்ந்து, இதுவும் சேர்ந்து கை தாங்காது, ரெண்டில் ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்றார். தூங்கும்போது மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் சொன்னதை அப்படியே கலைவேந்தனிடம் சொன்னாள். கறவையையாவது குறைக்கணுமாம், போன் பிடிக்கிறதையாவது குறைக்கணுமாம். அவன் யோசிக்கக்கூட இல்லை.

"மாட்ட வித்துடு" என்றான். "உனுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? நான் அனுப்புறது பத்தலியா?"

அவன் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அவளும் சரி என்றுதான் சொன்னாள். ரெண்டு நாள் கழித்து மாட்டைக் கேட்டு ஒரு தரகன் வந்தான். கலைவேந்தன் அங்கிருந்தே போன் போட்டு அனுப்பியிருக்கிறான். தரகன் செவலையின் வாயைப் பிளந்து பல் பார்த்தான், மடியைத் தடவினான். செல்வகுமாரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இப்போ கொடுக்கறதா இல்லை என்று அவனை அனுப்பிவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. முகம் கழுவி, புடவை மாற்றி, மதகடிப்பட்டுக்குப் பஸ் ஏறினாள்.

மதகடிப்பட்டு ஜங்ஷனில் அருள்தாஸ் செல்போன் கடை வைத்திருக்கிறான். வெண்ணிலாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

"லேசா ஒரு போன் இருந்தா குடுப்பா" என்றாள்.

அவன் அவளுடைய போனைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல போனை வைத்துக்கொண்டா கேட்கிறீர்கள் என்றான். அவள் மரத்துப்போன இடது கையைக் காட்டினாள். அவன் ஒன்றொன்றாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். எல்லாம் கனமாகவே இருந்தன. எடையில் பெரும்பங்கு பேட்டரி, அதற்கப்புறம் கண்ணாடி, கேமரா, சுற்றியிருக்கும் இரும்புச் சட்டம் என்று சொன்னான். எதைக் குறைத்தாலும் வாங்குகிறவர்கள் ஒன்று குறைகிறது என்கிறார்களாம். போன் மெலிசாக இருந்தால் சூடாகிறது என்கிறார்கள், சின்னதாக இருந்தால் படம் பார்க்க முடியவில்லை என்கிறார்கள். அதனால் கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் ஏற்றிக் கனமாகவே விற்கிறான்.

"லேசா வேணும்னா சார்ஜ் நிக்காது, சார்ஜ் நிக்கணும்னா கனக்கும். ரெண்டும் ஒண்ணா வராதும்மா."

கடைசியில் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய போன். பிளாஸ்டிக் முதுகு, சின்னத் திரை. செல்வகுமாரி வாங்கிப் பிடித்தாள். விரல்கள் முழுசாகச் சுற்றிக்கொண்டன.

"வீடியோ கால் பேசினா எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள்.

மத்தியானம் தாண்டாது என்றான். பேட்டரி பழசு, வேண்டுமானால் புதுசு போட்டுத் தருகிறேன் என்றான்.

"வாணாம். இதுவே இருக்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தாள். பெரிதாக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பெரிய போனை அங்கேயே மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வெண்ணிலா அப்பாவைக் கேட்டீர்களா என்று அருள்தாஸ் கேட்டதற்கு, சொல்லிக்கலாம் என்றிருந்தாள்.

மறுநாள் சோறு வடிக்கும் நேரத்துக்குப் போன் அணைந்தது. திரையில் தூங்கிக்கொண்டிருந்த கலைவேந்தனின் முகம் கறுப்பாகிப் போனது. அவள் சார்ஜரைத் தேடவில்லை. சாப்பிட்டாள், கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தாள். வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. சந்தோஷமாக இருக்குமோ என்று எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை, பயமும் இல்லை. தூங்கிவிட்டாள்.

கறவை முடிந்து நிற்கும்போது மகாலட்சுமி தன் போனை நீட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வந்தாள். "உங்க வூட்டுக்காரரு. ரொம்ப நேரமா எனுக்கு அடிச்சிக்கினே கீறாரு."

அவன் பயந்துபோயிருந்தான். விழுந்து கிடக்கிறாளோ, கரண்ட் அடித்ததோ என்று என்னென்னவோ நினைத்திருக்கிறான். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. போன் எங்கே என்றான். மாற்றிவிட்டேன் என்றாள்.

"நான் வாங்கியாந்த போனா?"

"ஆமாம் மாமா. கை தூக்க முடியல."

"மாட்டத்தான விக்கச் சொன்னேன்."

"மாட்ட விக்கல."

அவன் வைத்துவிட்டான். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் கூப்பிடவே இல்லை. மகாலட்சுமி நீயாவது பேசு என்றாள். வெண்ணிலா ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு, அப்பா சாப்பிடுவதில்லையாம் என்றாள். செல்வகுமாரி கேட்டுக்கொண்டாள். காலையில் கறந்தாள், சொசைட்டிக்கு ஊற்றினாள், மத்தியானம் படுத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து புருஷன் பேசாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் செத்துவிடுவோம் என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. வந்தது, போனது.

கையில் முதலில் குத்தல் வந்தது. விரல் நுனியில் ஊசி ஊசியாக. மரத்துப்போனதே தேவலை என்று தோன்றும்படி வலித்தது. அது நல்ல அறிகுறி என்று டாக்டர் சொன்னார்.

பிறகு ஒரு சாயங்காலம் அவனே கூப்பிட்டான். வீடியோ இல்லை, பேச்சு மட்டும். சொன்னான்: "ரூம்ல எட்டுப் பேரு கீறோம் குமாரி. ஒருத்தன் குறட்டை, ஒருத்தன் பாட்டு. நீ பெருக்குற சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும். உன்ன சந்தேகப்பட்டுப் பாக்கல."

"தெரியும் மாமா" என்றாள். நிஜமாகவே அவளுக்கு அது தெரியும். அவன்மேல் இரக்கம் வர வேண்டிய இடம் இது என்றும் தெரிந்தது. வரவில்லை. மாடுகள் அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இனிமேல் சாயங்காலம் பேசலாம், காலையில் வேண்டாம் என்றாள். அவன் சரி என்றான்.

தையில் லீவு கிடைத்து வந்தான். வந்த அன்றைக்கே அந்தப் போனை எடுத்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தான். "பொம்ம மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வீட்டுக்குள் எங்கே உட்காருவது என்று தெரியாதவன் போலச் சுற்றிச் சுற்றி வந்தான். வருஷக்கணக்காகப் பார்த்த வீடுதான். திரையில் தெரியாத மூலைகளெல்லாம் அவனுக்குப் புதிதாக இருந்தன. சமையற்கட்டு இவ்வளவு இருட்டா என்று கேட்டான்.

அவள் கைக்கு ஓய்வு வேண்டும் என்று லீவு முழுக்க அவனே கறந்தான். செவலை முதல் ரெண்டு நாள் அவனை அண்டவிடவில்லை. அவள் பக்கத்தில் நின்று மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். அவன் குனிந்து கறப்பதையும், முதுகில் பனியன் நனைந்திருப்பதையும், பின்னந்தலையில் முடி கொட்டிப்போயிருப்பதையும் பார்த்தாள். அந்த வழுக்கை போனில் ஒருநாளும் தெரிந்ததில்லை.

"இன்னா பாக்குற?" என்றான்.

"ஒண்ணுமில்ல. இன்னும் பால் கீது, சுத்தமா கற. வுட்டா மடியில பால் கட்டிக்கும்."

மாசி பிறந்ததும் அவன் திரும்பிப் போனான். வேனில் ஏறும்போது, புதுசாக ஒரு பேட்டரியாவது போட்டுக்கொள் என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னான். பார்க்கலாம் என்றாள். கட்டைவிரலில் இன்னும் முழுசாக உணர்ச்சி வரவில்லை, சித்திரையில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வேன் முனை திரும்பியதும் அவள் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டியில் தண்ணீர் திறந்துவிட்டாள்.