எதிர் மாடியில் காயும் பெட்ஷீட்டுகள்

லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. யாரைக் கேட்டாலும் "ஏதோ ஓடுது" என்பார்கள். காலை பத்து மணிக்கு அவர்கள் மொட்டைமாடியைப் பார்க்க வேண்டும். எத்தனை பெட்ஷீட் காய்கிறதோ அத்தனை அறையில் ஆள் தங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆவடி ஃபேக்டரியிலிருந்து ஓய்வுபெற்று, வேலப்பன்சாவடியில் பன்னிரண்டு அறைகளோடு நான் லாட்ஜ் தொடங்கியபோது பக்கத்தில் போட்டி கிடையாது. முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம், ஜூனில் அட்மிஷனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர். மற்ற மாதங்களை அதை வைத்தே தள்ளிவிடலாம். போன வருடம் நேர் எதிரில் ஒருவன் ஹோட்டல் திறந்தான். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடிக் கதவு, லிஃப்ட், செல்போனில் புக்கிங், போதாததற்கு அதில் நாலரை நட்சத்திரம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வணக்கம்ண்ணே" என்பான். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவே ஆகாது.

அவன் மாடியில் தினமும் இருபது, இருபத்தைந்து பெட்ஷீட். என் மாடியில் மூன்று. எனக்கு வயிறு எரிந்தது. காலையில் இட்லி தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"அவன் மாடியையே பாத்துக்கிட்டு நின்னா நம்ம ரூம் நிறைஞ்சிடுமா?" என்றாள் மனைவி.

மே கடைசியில் ஒரு காரியம் செய்தேன். பீரோவிலிருந்த சலவை பெட்ஷீட்டுகளைத் தண்ணீரில் முக்கி, பன்னிரண்டையும் மாடியில் காயப்போட்டேன். அவனுக்கும் கொஞ்சம் எரியட்டுமே! மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நான் விடவில்லை, தினமும் முக்கினேன். ஒருநாள் அவன் அண்ணாந்து என் மாடியைப் பார்த்தபடி நின்றான். அன்றைக்கு இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன்.

அட்மிஷன் வாரம் நெருங்கியது. அது கைகொடுத்தால் இன்னொரு வருடம் நடத்துவது, இல்லையென்றால் லாட்ஜை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விடுவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். வெளியூர்ப் பெற்றோருக்கு மொத்தமாக அறை பிடிக்க ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வந்தார். நேரே என்னிடம் வராமல் பக்கத்து டீக்கடையில் விசாரித்திருக்கிறார். மாடிக் கணக்கு டீக்கடைக்காரருக்கும் தெரியும். "நம்ம அண்ணாத்தே லாட்ஜா? ஃபுல்லா கீது சார். மாடியப் பாரு, துணி காயப்போட எடமில்ல" என்றாராம். வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

இதை டீக்கடைக்காரரே வந்து பெருமையாகச் சொன்னார். "சும்மா சொல்லக்கூடாது, உன் கைராசி அப்டி கீது!" அட பாவி மனுஷா!

மறுநாள் காலை எதிர் ஹோட்டல்காரன் என் மேசை முன்னால் வந்து நின்றான்.

"அண்ணே, காலேஜ் கூட்டம் தாங்கல. இன்னும் எட்டு ரூம் வேணும், ஒரு வாரத்துக்கு. உங்களுக்கும் ஃபுல்லுன்னு தெரியும், இருந்தாலும் ஒரு வார்த்தை கேக்கலாம்னு வந்தேன்."

எட்டு அறை, வாரம் முழுக்க. 'இருக்கு தம்பி' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாழாய்ப்போன பொறாமை விட்டால்தானே? அவன் மிச்சத்தை நான் கையேந்தி வாங்குவதா?

"ஒண்ணுகூட இல்லப்பா" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்குப் பின்னால், சுவரில் வரிசையாகத் தொங்கிய பன்னிரண்டு சாவிகளையும் பார்த்தான்.

"சரிங்கண்ணே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி மகனுக்கு போன் போட்டு, "நாங்க அங்கயே வந்துடறோம்டா" என்றாள்.