துணைக்கு இருக்கிறவள்

கண்ணாடிக்கடைக்காரிக்கு முடக்குவாதம் என்பது ஊருக்கே தெரியும். அவளே சொல்லித்தான். கழன்ற ஸ்க்ரூவை முடுக்கிக்கொள்ள வருகிறவரிடம் விரல் மூட்டில் கதையை ஆரம்பித்தால், அவர் மூக்கில் கண்ணாடி ஏறுவதற்குள் கதை தோள்பட்டைக்கு வந்திருக்கும். ஆனால் வீட்டில் கூட இருக்கும் டிரைவரம்மாவைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "எனக்கு உடம்புக்கு முடியலைல்ல, துணைக்கு இருக்கா" என்று ஒரே வரியில் பேச்சை மூடிவிடுவாள்.

டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் இவள் கைகளை வெந்நீரில் வைத்து, விரல் விரலாக நீவிவிட்டு, சட்டைப் பட்டனும் போட்டுவிட்டுத்தான் போவாள். பார்க்கிறவர்களுக்கு அது பணிவிடை. அவர்கள் இருவருக்கும் அது குடும்ப வாழ்க்கை. வியாதியைத் திரைச்சீலை மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு, அதற்குப் பின்னால் கண்ணாடிக்கடைக்காரி நிம்மதியாகக் குடித்தனம் நடத்தினாள். கெட்டிக்காரிதான், சந்தேகமே இல்லை.

ஒரு விஷயத்தில்தான் உறுத்தல். வருடா வருடம் தன்பாலீர்ப்பாளர்களின் பெருமித ஊர்வலத்துக்கு டிரைவரம்மா விடுப்பெடுத்துக்கொண்டு போவாள். கூப்பிட்டால் இவள் முழங்காலைப் பிடித்துக்கொள்வாள். சில வருடம் அது நிஜமான வலி. சில வருடம் வெறும் பயம். எது எப்போது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல வராது.

இந்த வருடம் டாக்டர் ஒரு புது ஊசிக்கு மாற்றினார். "தீராது, அடங்கியிருக்கும், அவ்வளவுதான்" என்று அவர் சொல்லியும், ஒரு காலையில் தானே பட்டன் போட்டுக்கொண்டபோது இவள் தலைகால் புரியாமல் ஆடினாள். டிரைவரம்மாவும் சிரித்தாள்.

"அப்போ இந்த வருஷம் ஊர்வலத்துக்கு வர்றியா?"

"பார்க்கலாம்."

"வலிக்குதுன்னு நீ சொன்னா நான் எப்பவும் நம்புவேன். அதனால பொய் சொல்றதா இருந்தா கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். தங்கை ஜாம் பாட்டில் மூடியைத் தானே திருகித் திறந்ததைப் பார்த்து அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கமான மனிதர். சிக்கலே அதுதான்.

"அப்பாடா! இனி நீயே சமாளிச்சுப்பே. அந்தப் பொண்ணை இன்னும் எத்தனை நாளைக்குப் பிடிச்சு வச்சுக்கறது? அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா? அவ ரூம்ல நம்ம பொண்ணு தங்கிப் படிக்கட்டும்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டிரைவரம்மா ஈரக்கையோடு வெளியே வந்தாள். "எப்போ காலி பண்ணணும்னு சொல்லுங்க அண்ணா."

இவள் பக்கம் அவள் திரும்பவே இல்லை. இத்தனை காலம் இவள் போட்டுவிட்ட வேஷத்தை இம்மி பிசகாமல் அப்போதும் காப்பாற்றினாள்.

கண்ணாடிக்கடைக்காரிக்கு அந்த நிமிஷமே விரலெல்லாம் மடங்கிப்போனால் தேவலை என்றிருந்தது. வா என்றால் வலி வந்துவிடுமா? பாழாய்ப்போன ஊசி கச்சிதமாக வேலை செய்துகொண்டிருந்தது.

"அவ எங்கயும் போகமாட்டா அண்ணா," என்றாள். "அவ என் வியாதிக்காக வந்தவ இல்ல. அவளோட வாழணும்னுதான் நான் இந்த வீட்டுக்கே வந்தேன். வாதம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

அண்ணிதான் முதலில் பேசினாள். "எனக்கு எப்பவோ தெரியும். அந்த ரூம் கட்டில்ல மனுஷங்க படுக்க எங்க இடம் இருக்கு? மலை மாதிரி துணிதானே குவிஞ்சு கிடக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "எனக்குக் கொஞ்சம் நாளாகும்மா," என்றார். அண்ணியோடு வெளியேறி, கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

டிரைவரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அழறியா?"

"இல்ல," என்றாள் இவள், கண்ணீர் தாடையில் வழிய.

"ஊர்வலத்துக்கெல்லாம் வரணும்னு இல்லடி. எனக்கு இதுவே போதும்."

"வர்றேன். அண்ணன் முகத்தைப் பார்த்தே சொல்லிட்டேன். இனி தெரு என்னை என்ன பண்ணிடும்?"